இறங்காத கூரை

யதுர்ஷிகாவைக் கூரை கொண்டுபோனது மார்கழி மாதத்து முதல் புதன்கிழமை பின்னேரம். அன்று கிளிநொச்சிச் சந்தையில் பச்சை மிளகாய் கிலோ அறுநூறு ரூபாய்க்குப் போனது. புயல் வருகிறது என்று லொறிகள் நேரத்தோடு திரும்பிவிட்டதால் மத்தியானத்துக்குப் பிறகு வாங்க ஆளில்லை. கூரை அக்கராயன் குளத்துக்கு மேலாக ஏறி, கோணாவில் பக்கம் திரும்பி, முகிலுக்குள் போனது. அவள் முகட்டைப் பிடித்தபடி அதன்மேல் இருந்தாள். போவதைப் பார்த்தவர்கள் பலர். விழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அது விழவில்லை.

வீடு அவளுடைய மாமனார் வீரகத்திக்கு மீள்குடியேற்றத்தில் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை. யதுர்ஷிகா கலியாணம் முடித்து வந்த வருடம் வீரகத்தி இறந்தார். அவர் மகனும் அவள் கணவனுமான நிருஷன் விவசாயம் படித்துப் பட்டம் எடுத்து, கிளிநொச்சியில் ஒரு நெல் ஆலையில் வேலை செய்தான். யதுர்ஷிகா காப்புறுதி முகவர். சிவப்பு ஸ்கூட்டியில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் வீடுகளுக்குக் காப்புறுதி விற்றாள். வன்னியில் அது இலகுவான தொழில் இல்லை. வீடு என்பது விட்டுவிட்டுப் போகிற சாமான் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"பிள்ளை, நான் பிறந்ததுக்கு எத்தினை வீட்டை விட்டிட்டு ஓடினவன்," என்றார் சந்தியில் கடை வைத்திருக்கும் கனகலிங்கம். "உன்ர கொம்பனி அதுக்கு ஏதும் தருமோ?"

"சண்டைக்குத் தராது அண்ணை. முதல் பக்கத்திலயே போட்டிருக்கு."

"சண்டையை விட்டா எங்களுக்கு வேற என்ன வந்தது?"

"புயல் வரும்."

"வரட்டன். இஞ்ச வந்த ஆக்களுக்குள்ள அதுதான் நல்ல ஆள். வந்தா போயிடும்."

அவள் கோபிக்கமாட்டாள். அடுத்த கிழமையும் வந்து நின்று விளங்கப்படுத்துவாள். நெருப்பும் மின்னலும் வருடா வருடம் கட்டுகிற அடிப்படைக் கட்டுப்பணத்துக்குள் அடங்கும். புயலும் வெள்ளமும் அப்படியல்ல, தனித்தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும், கேட்காதவனுக்கு இல்லை. காற்று கூரையைத் திறந்து அந்த வழியால் மழை வந்து அலுமாரி நனைந்தால் தருவார்கள். முன்னமே இருந்த ஓட்டையால் ஒழுகி நனைந்தால் தரமாட்டார்கள். குளம் உடைத்து வாசலால் வருகிற தண்ணீரும் மேலேயிருந்து விழுகிற தண்ணீரும் நனைந்தவனுக்கு ஒன்று, கொம்பனிக்கு இரண்டு. வீட்டைத் திரும்பக் கட்ட இன்றைக்கு எவ்வளவு செலவாகுமோ அதைத்தான் பெறுமதியாகப் போட வேண்டும். கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்கப் பாதியைப் போட்டவனுக்கு, ஒரு சுவர் விழுந்தால் அந்தச் சுவரிலும் பாதிதான் வரும். எந்த இழப்பிலும் முதல் பங்கு வீட்டுக்காரனுடையது. இவ்வளவையும் அவள் ஸ்கூட்டியை விட்டு இறங்காமல் வேலிக்கு வெளியே நின்றபடியே சொல்லி முடிப்பாள். இறங்கினால் தேத்தண்ணி ஊற்றுவார்கள், தேத்தண்ணி குடித்தால் மகனின் கலியாணக் கதை தொடங்கும். சிலர் எடுத்தார்கள். கனகலிங்கம் மூன்றாம் வருடம் கடைக்கு எடுத்தார். காப்புறுதிக்காக எடுக்கவில்லை, அவள் வெயிலில் நிற்பதைப் பார்க்க முடியாமல் எடுத்தேன் என்றார்.

தன் வீட்டுக்கும் அவள் எடுத்திருந்தாள். பின்னால் குசினி கட்ட வங்கியில் கடன் எடுத்தபோது வங்கி கேட்டது, கேட்காவிட்டாலும் எடுத்திருப்பாள். ஆனால் அந்த வருடம் கையில் காசு இருக்கவில்லை. மற்றவர்களுக்குச் சொன்னதைத் தனக்குச் செய்யாமல், பெறுமதியைக் குறைத்துப் போட்டாள். அடுத்த வருடம் கூட்டிப் போடுவம் என்றாள்.

வன்னியில் கூரையைக் கழற்றிக்கொண்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. ஷெல் கிட்ட வரத் தொடங்கினால் ஆண்கள் ஸ்பனரோடு ஏறுவார்கள். வீரகத்தி அதில் பேர்போனவர். மற்றவர்கள் தகரத்தை மட்டும் உருவிக்கொண்டு போனார்கள். அவர் முதலில் உள்ளுக்கு மேசை வைத்து ஏறி, மரச்சட்டத்தைச் சுவரோடு பிடித்திருக்கும் நட்டுகளைக் கழற்றுவார், பிறகு மேலே ஏறித் தகரம், கடைசியாகக் கைமரம். மரத்தை விட்டுவிட்டுப் போனால் அடுத்த இடத்தில் தகரத்தை எதன்மேல் போடுகிறது என்று கேட்பார். அப்படி ஒரே கூரை அவரோடு ஊர் ஊராகப் போனது. யதுர்ஷிகாவின் வீட்டிலும் அப்படித்தான். பதின்மூன்று வயதில் அவள் உழவு மெசின் பெட்டியில் கழற்றிய தகரத்தின்மேல் இருந்து விசுவமடுவரை போனவள். பள்ளத்தில் பெட்டி விழுந்தெழும்பும்போது வழுக்காமலிருக்க, இரண்டு கையாலும் முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருக்க வேண்டும். அந்த இருப்பு அவளுக்குப் பழக்கம்.

அதனால் வானொலி புயல் என்று சொன்னதும் நிருஷன் மேசையை இழுத்துச் சுவரோடு வைத்தான். கூரையைக் கழற்றினால் வீடு நனையும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் விட்டால் காற்றுக் கொண்டுபோய்விடும், கழற்றி நிலத்தில் அடுக்கி மண்மூட்டை வைத்தால் கூரை மிஞ்சும் என்று அவன் கைகளுக்கும் தெரிந்திருந்தது. அன்று அந்த ஒழுங்கையில் வேறு வீடுகளிலும் ஸ்பனர்ச் சத்தம் கேட்டது.

"கழட்டினா ஒரு சதம் தரமாட்டாங்கள்," என்றாள் யதுர்ஷிகா. "காத்துத் திறந்ததுக்குத்தான் காசு. நாங்கள் திறந்ததுக்கு இல்லை."

"காசு கிடக்கட்டும். கூரை மிஞ்சினாக் காணும்."

"ஊருக்கெல்லாம் காப்புறுதி வித்திட்டு என்ர வீட்டை நானே பிரிக்கிறன். நல்லாயிருக்கு."

சுவர் நட்டுகள் முழுவதையும் அவன் கழற்றிப் பால்மா ரின்னில் போட்டான். அவன் பாரம் கூடியவன், தகரம் பழையது. அதனால் வீட்டில் உடுத்தும் சோட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஸ்பனரோடு மேலே ஏறினாள். "என்ர வாடிக்கைக்காரர் ஆரும் ஒழுங்கையால வந்தாச் சொல்லுங்கோ, படுத்து ஒளிக்கிறன்," என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

காற்று சாமத்தில் வரும் என்று வானொலி சொல்லியிருந்தது. அது பின்னேரமே வந்தது. கூரை சுவரை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. பிறகு ஒரு முழம். ஒன்றும் உடையவில்லை, ஒரு தகரமும் பிரியவில்லை. கைமரத்தில் உடுப்புக் காயப்போடும் கொடி கட்டியிருந்தது. நிருஷன் ஓடிப்போய் அந்தக் கயிற்றைப் பிடித்தான். கயிறு அவன் உள்ளங்கைத் தோலை எடுத்துக்கொண்டு போனது. அவள் மெசின் பெட்டியில் இருந்ததுபோலவே முகட்டைப் பிடித்துக் குனிந்து இருந்தாள். கொடியில் பிள்ளையின் மஞ்சள் சட்டை தொங்கியது. அவள் கயிற்றை இழுத்துச் சட்டையை எடுத்து மடியில் வைப்பதை அவன் கண்டான்.

"அபியின்ர சட்டை என்னட்டக் கிடக்கு," என்று மேலேயிருந்து கத்தினாள். "தேடித் திரியாதேங்கோ."

மூன்று வயது மகள் அபிஷ்னா அறைக்குள் பாயில் நித்திரை. அவள்மேல் மழை பெய்யத் தொடங்கியது.

புயல் மேற்கே மன்னார்க் கடலில் இறங்கி ஓய்ந்தது. கூரை ஓயவில்லை. பொலிஸில் காணாமற்போனவர் என்று எழுதினார்கள். கடைசியாகக் கண்ட இடம் என்ற கேள்விக்கு நிருஷன் மேலே என்றான். எழுதியவர் அப்படியே எழுதினார். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் கூரை வன்னிக்கு மேலே சுற்றியது, மற்ற மாதங்களில் எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனையிறவில் உப்பு வாருகிறவர்கள் கண்டார்கள். முல்லைத்தீவில் மீன் வியாபாரி சரீப் கண்டார். அவள் அறக்குளா என்ன விலை என்று கேட்டாள், அவர் விலையைச் சொன்னார், விலை கூட என்று சொல்லிவிட்டுப் போனாள். எதைச் சாப்பிடுகிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பாடில்லாமல் உயிரோடு இருந்த மாதங்கள் அங்கே எல்லாருக்கும் இருந்தன. அக்கராயனுக்கு மேலே வரும்போது அவள் வாடிக்கைக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"கனகலிங்கம் அண்ணை, தை பதினைஞ்சோட முடியுது. கட்டிப்போட்டீங்களோ?"

"கட்டுறன், கட்டுறன். நீ விழுந்துபோகாத பிள்ளை," என்று கனகலிங்கம் கடை வாசலில் நின்று கத்தினார். மறுநாள் முதல் பஸ்ஸில் போய்க் கட்டினார். அந்த வருடத்திலிருந்து அக்கராயனில் ஒரு காப்புறுதியும் காலாவதியாகவில்லை.

மற்ற இடங்களில் கூரை பனை உயரத்துக்கு மேலாகவே போகும். தன் வளவுக்கு வந்தால் மட்டும் வேகம் குறைந்து, சுற்றிச் சுற்றித் தாழும். அது தன் நாலு சுவரையும் தேடுகிறது என்று எல்லாருக்கும் விளங்கியது. முதல் மாரியில் தென்னை உயரத்துக்கு வந்தது. அடுத்த மாரியில் மாமர உயரம். இளைஞர்கள் கயிறு எறிந்தார்கள், ஏணிகளைச் சேர்த்துக் கட்டினார்கள். சரிவரவில்லை. அவள் முகட்டில் இருக்கும்வரைதான் கூரை தாழும். கயிற்றைப் பிடிக்க விளிம்புக்கு வந்தால் ஒரு பக்கம் சரிந்து உடனே மேலே எழும்பிவிடும். அது தானாகவே சுவரில் வந்து இருக்க வேண்டும். இன்னும் சில மாரி போனால் இருக்கும் என்று சொன்னார்கள். அதற்குச் சுவர் திறந்திருக்க வேண்டும். நிருஷன் வீட்டுக்குக் கூரை போடவில்லை. அறை மூலையில் ஒரு தறப்பாளைக் கட்டி, அதன்கீழ் பிள்ளையைப் படுக்க வைத்தான். காற்று வீசினால் தறப்பாளையும் அவிழ்த்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

இழப்பை மதிப்பிடக் கொம்பனி முன்ஸிரை அனுப்பியது. அவர் முல்லைத்தீவு ஆள், பிறந்தது புத்தளத்தில் ஒரு முகாமில். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கை விட்டுப் போகச் சொன்னபோது, அவருடைய வாப்பாவுக்கு முல்லைத்தீவு வீட்டுக் கூரையைக் கழற்ற நேரம் கொடுக்கப்படவில்லை. அதனால் முன்ஸிர் கழற்றிய கூரைகளைப் பற்றி மரியாதையாகவே பேசுவார்.

"நட்டெல்லாம் எங்க தம்பி?"

நிருஷன் பால்மா ரின்னைக் கொண்டுவந்து கொடுத்தான்.

"காத்து எண்டா இவ்வளவு வடிவாக் கழட்டி ரின்னில போட்டிருக்காது."

"நாங்கள்தான் கழட்டினது."

"அதை என்னட்டச் சொல்லாம விட்டிருக்கலாம்."

"யது இருந்தாச் சொல்லியிருப்பா."

முன்ஸிர் தலையாட்டினார். அவருக்கு யதுர்ஷிகாவைத் தெரியும்; அவள் அனுப்பிய கோரிக்கைகளில் அவர் ஒருநாளும் பொய் கண்டதில்லை. நனைந்த அலுமாரிக்கும் மெத்தைக்கும் ஒன்றும் வராது, வீட்டைத் திறந்தது வீட்டுக்காரர் என்றார். கூரையைக் கொண்டுபோனது காற்றுத்தான், அதற்கு வாதாடலாம். ஆனால் கூரை அழியவில்லை, களவும் போகவில்லை. "பறந்து திரியிற சாமானுக்கு ஒரு வசனமும் எழுதேல்ல. விழட்டும், பாப்பம்." அவர் சொல்லி முடிக்கும் முன்பே வளவில் நிழல் பட்டது. இருவரும் அண்ணாந்தார்கள்.

"முன்ஸிர் அண்ணை, சுகமா இருக்கிறீங்களோ? புயலில விழுந்த கனகலிங்கம் அண்ணையின்ர கடைச்சுவருக்குக் காசு முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது தங்கச்சி. முதல் பங்கு போக முழுக்கக் குடுத்தாச்சு."

"என்ர வீட்டுக்கு ஒண்டையும் மாத்தி எழுதிப்போடாதேங்கோ. பிறகு சனம் என்னை நம்பாது."

முன்ஸிர் மாற்றி எழுதவில்லை. கொம்பனி யோசிக்கத் தொடங்கியது. யோசித்து முடிய மூன்று வருடம் போனது. இதற்கிடையில் அபிஷ்னா முன்பள்ளிக்குப் போனாள், பல் விழுந்து முளைத்தது, ஒவ்வொரு மாரியிலும் சளி நெஞ்சில் கட்டிக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாவது முறை யதுர்ஷிகாவின் அக்கா பிரேமிளா வவுனியாவிலிருந்து வந்தாள். தறப்பாளின்கீழ் பிள்ளை படுத்திருப்பதைப் பார்த்தாள்.

"நீர் காத்திரும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. அவள் என்ர தங்கச்சி," என்றாள். "பிள்ளை ஏன் நனையோணும்? ஒண்டில் கூரையைப் போடும், இல்லாட்டிப் பிள்ளையைத் தாரும்."

"கூரையைப் போட்டா யது எங்க அக்கா இறங்கிறது?"

பிரேமிளா பிள்ளையின் உடுப்புகளை ஒரு பையில் போட்டு, அவளை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாரி முடியக் கொண்டுவந்து விட்டாள். அடுத்த மாரிக்கும் கொண்டுபோனாள். அந்த முறை திரும்பி வந்த முதல் நாள் அபிஷ்னா மத்தியான நித்திரையால் எழும்பி, வீடு விளங்காமல் அழுதாள். அம்மா என்று கூப்பிட்டாள். நிருஷன் வழக்கம்போல மேலே கையைக் காட்டினான். பிள்ளை மேலே பார்க்கவில்லை. வவுனியா அம்மா எங்கே என்று கேட்டாள்.

அந்த மாதத்தில்தான் முன்ஸிர் கொம்பனியின் முடிவோடு வந்தார். மூன்று வருடமாக இறங்காத கூரை முழு இழப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். பெறுமதி குறைத்துப் போட்டிருந்ததால் அதே அளவில் குறைத்து, முதல் பங்கைக் கழித்து, தகரத்தின் வயதுக்கும் கழித்து ஒரு தொகை சொன்னார். புதுக்கூரைக்கு அது முழுக்கப் போதாது, ஆனால் தொடங்கலாம். ஒரு நிபந்தனை இருந்தது. முழு இழப்புக்குக் காசு கொடுத்தால், இழந்த பொருள் பிறகு கிடைக்கும்போது அது கொம்பனியின் சொத்து. இறங்கினால் லொறி வந்து ஏற்றும்.

"அதில இருக்கிற ஆள்?" என்றான் நிருஷன்.

"ஆள் காப்புறுதியில இல்லைத் தம்பி. ஆள் எப்பவும் உங்கட ஆள்தான்."

"சுவரில இனி அவவுக்கு இடமில்லை."

"ஓம்," என்றார் முன்ஸிர். பேனையை மூடித் திறந்தார். "நான் போயிட்டு இன்னொரு நாள் வரட்டோ?"

"வேண்டாம். இப்பவே தாங்கோ," என்று நிருஷன் கையெழுத்துப் போட்டான். தோல் போய் வளர்ந்த உள்ளங்கையில் பேனை வழுக்கியது.

புதுக்கூரை சித்திரையில் ஏறியது. முன்ஸிர் சொன்னபடி ஒவ்வொரு கைமரத்துக்கும் இரும்புப் பட்டி அடித்துச் சுவரோடு பிணைத்தார்கள். அப்படிப் பிணைத்த வீட்டுக்கு அந்தக் கொம்பனி கட்டுப்பணத்தில் கொஞ்சம் குறைத்தது. இந்த முறை நிருஷன் பெறுமதியை முழுதாகப் போட்டான், புயலையும் வெள்ளத்தையும் கேட்டுச் சேர்த்தான். அபிஷ்னாவை இனி வவுனியாவுக்கு அனுப்பத் தேவையில்லை. வேலைக்காரர்கள் போன பிறகு அவன் மேசையை வைத்து ஏறி, கிழக்கு மூலைப் பட்டிகளின் நட்டுகளை இளக்கி, கை விரலால் மட்டும் திருகி விட்டான். காற்று அந்த மூலையைத் தூக்கினால் பழைய கூரை உள்ளே வர இடம் கிடைக்கும் என்று நினைத்தான். அப்படி நடந்தால் ஒரு சதமும் வராது என்று அவனுக்குத் தெரியும். அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள் மேலே இருந்தாள்.

அந்த மாரியில் கூரை வரவில்லை. சுவர் மூடியிருப்பதைத் தூரத்திலேயே கண்டிருக்கும் என்றார் கனகலிங்கம். அவருடைய கட்டுப்பணத்தை அந்த வருடம் ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை.

அதற்கடுத்த கார்த்திகைக் கடைசியில், நாடு முழுவதையும் நனைத்த பெரிய புயல் வந்தது. குளம் நிரம்பி வான் பாய்ந்தது, ஒழுங்கை வாய்க்காலானது. பின்னேரம் மூன்று மணியளவில் நிருஷன் வாசலில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது மழை சட்டென்று நின்றது. ஒழுங்கையில் பெய்துகொண்டிருந்தது, வளவில் இல்லை. அண்ணாந்து பார்த்தான். பழைய கூரை புதுக்கூரைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் நின்றது. அவ்வளவு தாழ ஒருநாளும் வந்ததில்லை. முகட்டில் யதுர்ஷிகா அதே சோட்டியோடு இருந்தாள். வயது ஏறியிருக்கவில்லை. நிருஷனுக்கு முடி கொட்டி முன்தலை வெளித்திருந்தது.

அபிஷ்னா விறாந்தையிலிருந்து வெளியே வந்தாள். "அது ஆரப்பா?"

"அம்மா."

பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள். யதுர்ஷிகா முதலில் புதுக்கூரையைப் பார்த்தாள். காப்புறுதிக்காரர் எந்த வீட்டிலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

"புதுத் தகரமோ?"

"ஓம்."

"பெறுமதி?"

"முழுக்கப் போட்டனான்."

"வெள்ளம்?"

"அதுவும் சேர்த்தது."

"பட்டியும் அடிச்சிருக்கு. கெட்டிக்காரன்," என்றாள். பிறகு அவள் தலை கிழக்குப் பக்கம் திரும்பியது. "உந்த மூலை ஆடுது."

நிருஷன் கையிலிருந்த மண்மூட்டையைக் கீழே வைத்தான்.

"நட்டு இறுகேல்ல. உங்களுக்குத் தெரியாதோ? காத்துக்கு ஒரு மூலை கிடைச்சாக் காணும். முழுக்கக் கொண்டுபோயிடும்."

"உமக்கு விட்டு வச்சது," என்றான்.

அவள் குளத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒழுங்கை முழுவதும் மழை இரைந்தது. "அபி எந்த அறையில படுக்கிறவள்?" என்று கேட்டாள்.

"கிழக்கறையில."

யதுர்ஷிகா இடுப்பில் செருகியிருந்ததை எடுத்துக் கீழே போட்டாள். ஸ்பனர் சேற்றில் விழுந்தது. அத்தனை வருடம் மழையில் நனைந்தும் அதில் கறள் இல்லை.

"இறுக்குங்கோ," என்றாள்.

அவன் உள்ளே போய் மேசையை இழுக்கவில்லை. ஏணியை வெளிப்பக்கம் சாத்தி ஏறினான், அங்கேயிருந்தும் கை எட்டும். அபிஷ்னா ஏணிக்காலைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை. மேல்படியில் நின்றபோது பழைய கூரையின் தகர விளிம்பு அவன் தலைக்குச் சற்று மேலே இருந்தது. கொடிக்கயிற்றின் அறுந்த நுனி தோளில் பட்டது. பிடிக்கவில்லை. பிடித்தால் எழும்பிவிடும். முதல் நட்டை இறுக்கினான். இரண்டாவதை இறுக்கினான். அவள் முகட்டிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு சுத்து."

சுற்றினான்.

"அப்பா, சட்டை எனக்கு இனி அளவில்லை எண்டு சொல்லுங்கோ," என்றாள் அபிஷ்னா கீழேயிருந்து. யதுர்ஷிகாவின் மடியில் மஞ்சள் சட்டை இருந்தது. கொண்டுபோன அன்று போலவே ஈரம்.

"தெரியுதம்மா. வளந்திட்டீங்கள்," என்றாள் யதுர்ஷிகா. "இது என்னட்டக் கிடக்கட்டும்."

கடைசி நட்டை அவன் இறுக்கியபோது ஸ்பனர் அதற்கு மேல் திரும்பவில்லை. கையால் மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். வீடு அசையவில்லை.

"இறுகிட்டுதோ?"

"இறுகிட்டுது."

"அப்ப சரி," என்றாள்.

வளவில் திரும்பவும் மழை பெய்தது. அவன் ஏணியில் நின்றபடி நனைந்தான். பிள்ளை கூப்பிட்டும் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தப் புயலில் ஒழுங்கையில் பல வீடுகளுக்குக் கூரை போனது, நிருஷன் வீட்டுக்குப் போகவில்லை. அபிஷ்னா அன்றிரவு கிழக்கறையில் நனையாமல் படுத்தாள்.

கூரை வடக்கே போனது. ஆனையிறவில் உப்பு வாருகிறவர்கள் அன்று வேலையில் இல்லை, வெள்ளம் பார்க்க வந்து பாலத்தில் நின்றவர்கள் கண்டார்கள். மிக உயரத்தில் போனது, கடல் பக்கம் திரும்பியது என்றார்கள். அதற்குப் பிறகு முல்லைத்தீவிலும் இல்லை, வவுனியாவிலும் இல்லை. அடுத்த மாதம் கிராம அலுவலர் வெள்ள நிவாரணத்துக்குக் குடும்ப விபரம் எடுக்க வந்தபோது நிருஷனை மனைவியை இழந்தவர் என்று எழுதினார். முன்னைய வருடங்களில் அவன் அதைத் திருத்தச் சொல்வான். இந்த முறை சொல்லவில்லை. நிவாரணமாக அரிசியும் பருப்பும் ஒரு ரின்மீனும் கிடைத்தன.

முன்ஸிர் புதுப்பித்தலுக்கு வந்து ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். கிழக்கு மூலையில் கையை வைத்து, நல்லா இறுகியிருக்கு என்றார். அவ சொல்லி இறுக்கினது என்றான் நிருஷன். முன்ஸிர் அதைக் குறித்துக்கொண்டார். போகும்போது, எங்கட கூரை வந்தா ஒரு போன் கோல் எடுங்கோ, லொறி அனுப்ப மாட்டம், நான் மட்டும் வாறன் என்றார். கனகலிங்கம் தை பிறந்ததும் முதல் கிழமையிலேயே கட்டுப்பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். மேலேயிருந்து ஓராள் கேட்கும்வரை கட்டாமல் வைத்திருக்கிறது மரியாதையில்லை என்றார். ஒருவரும் கேட்கவில்லை.

ஸ்பனர் வாசற்கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அதற்குக் கறள் பிடிப்பதில்லை. வானொலி புயல் என்று சொல்லும் நாட்களில் நிருஷன் அதை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, கிழக்கு மூலை நட்டில் வைத்துத் திருகிப் பார்க்கிறான். அபிஷ்னா ஏணிக்காலைப் பிடிக்கிறாள். நட்டு இன்னும் இளகவில்லை.